பூனைக்குத் தெள்ளு: பவுடரா, கழுத்துப்பட்டையா, பிடரியில் விடும் சொட்டு மருந்தா?

எங்கள் வீட்டு மூன்று பூனைகளில் மூத்தவளுக்குப் போன சித்திரையில் வால் தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது. கழுத்தைத் தடவினால் ரவை ரவையாய்ப் பொருக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று மீனை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. பேன் சீப்பால் வாரி, விழுந்த கருப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்ததும் செங்காவி நிறம் கசிந்தது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. எங்கள் தெருவில் இதையும் உண்ணி என்றுதான் சொல்வார்கள். உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். தெள்ளு முடிக்குள் ஓடும், துள்ளும். அதன் எச்சில் ஒவ்வாத பூனைக்கு நாலைந்து கடியே போதும், நாள் முழுக்க நக்கியும் கடித்தும் தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

பவுடர், பட்டை, சொட்டு மருந்து மூன்றையும் பார்த்துவிட்டு இப்போது ஐந்து மாதமாகச் சொட்டு மருந்தில் நிற்கிறோம். பவுடர் மலிவு, ஒரு டப்பா வெகுநாள் வரும். பட்டையை மாட்டிவிட்டு மறந்துவிடலாம். சொட்டு மருந்துக்கு மாதாமாதம் செலவு. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது பூனையின் நாக்கு.

விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைப் பூனை உடம்பை நக்குவதில்தான் கழிக்கிறது. முடிமேல் நாம் எதைத் தூவினாலும் அது வயிற்றுக்குப் போகும். நாய்க்கான பவுடர், சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு. எச்சில் ஒழுகும், காதும் முகமும் துடிக்கும், நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். எங்களுக்குக் கடைக்காரர் பவுடர் டப்பாவை "நாய், பூனை ரெண்டுக்கும் இதுதான்" என்று சொல்லிக் கொடுத்தார். அதைத் தூவிய அன்று ராத்திரி மூத்தவள் வாயில் நுரை தள்ள, விளக்கைப் போட்டு டப்பாவைப் படித்தால் நாய்க்கு மட்டும் என்று இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து குளிப்பாட்டி, துணியில் சுற்றி மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்தாள். வாங்கும்போதே படிக்காதது என் தப்பு, அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

சொட்டு மருந்தை விடும் இடம் பிடரி. பூனையின் நாக்கு அங்கே எட்டாது. முடியை இரண்டாக வகிர்ந்து, தோல் தெரிந்ததும் குழலைப் பிதுக்க வேண்டும். முடிமேல் விட்டால் வீண். சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் என்பது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பரவும். செலாமெக்டின் என்ற இன்னொன்று ரத்தத்தில் கலக்கும். காதுப் பூச்சிக்கும் குடலில் இருக்கும் உருளைப்புழுவுக்கும் அதுவே கேட்கும். எங்கள் மருத்துவர் தந்தது செலாமெக்டின். மருந்து விட்ட அன்று மூன்று பூனைகளையும் தனித்தனி அறையில் வைத்தோம், ஒன்றின் பிடரியை இன்னொன்று நக்கிவிடும். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள், முயலுக்கு அது விஷம்.

பட்டையைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. நடுவுள்ளவளுக்கு இரண்டு வாரம்தான் போட்டோம். விலை குறைந்த பட்டை, கழுத்தில் புண்ணாகிவிட்டது. இமிடாகுளோப்ரிட், ஃபுளுமெத்ரின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த நல்ல பட்டைகள் எட்டு மாதம் வரை வேலை செய்யும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு அது சரிப்படலாம். எங்களுடையவை மதில் ஏறுபவை, கம்பியில் மாட்டினால் என்ன ஆகும் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

சொட்டு மருந்து விட்டுப் பத்து நாள் கழித்தும் தெள்ளு கண்ணில் பட்டால் மருந்து போலி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூனைமேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும், புழுவும், கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் லேசில் தொடாது, வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். வந்து பூனைமேல் ஏறினால் சாகும். அதனால் மூன்று மாதமாவது விடாமல், வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்து விட வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசினோம், சோபா மெத்தையைத் தூக்கிக் கூட்டினோம். நம் ஊரில் தெள்ளை அடக்கும் அளவுக்குக் குளிர்காலம் கிடையாது. அதனால் மார்கழியிலும் நான் நிறுத்தப்போவதில்லை.

எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிக்கு இந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். பேன் சீப்பும் சோப்புத் தண்ணீருமே போதும். ஈறு வெளுத்திருந்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், தெள்ளு குடித்தே குட்டி சோகை பிடித்துச் சாகும். வட்ட வட்டமாய்ச் செதில் உதிர்ந்து முடி போயிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, நமக்கும் தொற்றும்.

மூத்தவளுக்கு ஆவணியில் முடி முளைக்கத் தொடங்கியது. முதலில் வெல்வெட் மாதிரி, பிறகு பழைய சாம்பல் வரிகள் அப்படியே.