நாள் முழுதும் விளையாட்டு உடையா, வழக்கமான சீருடையா?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட் என்று வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, குறிப்பாகப் பாவாடை அணிந்த சிறுமி, ஓடவும் தரையில் சம்மணமிட்டு அமரவும் தயங்குவதைக் காண்கிறோம். பெல்ட்டின் கொக்கியைக் கழற்றத் தெரியாமல், நனைந்த கால்சட்டையுடன் கழிப்பறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தைக்கு, எலாஸ்டிக் வைத்த டிராக் பேண்ட் பெரிய ஆறுதல்.

சீருடையின் பக்கமும் நியாயம் உண்டு. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சும். பாலியஸ்டரில் தைத்த விளையாட்டு உடையோ சென்னையின் ஜூன் மாதப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, இரண்டாம் வகுப்பு வரையிலாவது, பருத்தியில் தைத்த விளையாட்டு உடையையே அன்றாடச் சீருடையாக்குவதை நான் ஆதரிக்கிறேன். பெற்றோரும் இருவகை உடைக்குச் செலவிட வேண்டியிராது.