செம்மண் காட்டுக்கு அகல அடி ஊன்றுகோல்: ஒரு மழைக்காலம் தாண்டிய அனுபவம்

கடையில் வாங்கும் அலுமினியக் கக்க ஊன்றுகோல் (கட்டை) டைல்ஸ் தரைக்குப் போதும். கால் முறிந்தவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் வரப்பிலோ மழை ஈரம் காயாத மஞ்சள் காட்டிலோ இறங்கினால் அடி புதைகிறது. 45 மிமீ அடி ரப்பரின் பரப்பு 16 சதுர செமீதான். 70 கிலோ எடையுள்ளவர் இரண்டு கட்டையிலும் முழு எடையைப் போட்டால் சதுர செமீக்கு 2 கிலோவுக்கு மேல் இறங்குகிறது. அடியை 80 மிமீ வட்டமாக்கினால் அது 0.7 கிலோவாகிறது.

அகலம் மட்டும் போதாது. எட்டு வைக்கையில் கட்டை முன்னும் பின்னும் சாயும். அடி அசையாமல் இருந்தால் விளிம்பு மட்டும் தரையில் பட்டு மண்ணைக் கிண்டும். ஆகவே அடி சாய்ந்து கொடுக்க வேண்டும்: குழாய் நுனியில் தண்டு வைத்த ஒரு இரும்பு வளையம், அதற்குள் ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் ரப்பர் புஷ், இருபுறமும் அடித்தட்டின் காதுகள், குறுக்கே எம்10 (10 மிமீ) போல்ட், தானாகக் கழலாத நைலாக் நட். கோவையின் கணபதி, பீளமேடு பகுதி லேத் பட்டறைகளுக்கு இது சிறு வேலை. இந்த போல்ட், நாம் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சாய்வை ரப்பரே கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

வளையத்தைக் குழாயில் வெல்டிங் செய்ய நினைக்கவே வேண்டாம். இரும்பு அலுமினியத்தோடு பற்றாது. அலுமினிய வளையம் என்றாலும் 6063 டி6 என்ற அலுமினியக் கலவைக் குழாய் சூடுபட்ட இடத்தில் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். வளையத்தின் தண்டைக் குழாய்க்குள் 60 மிமீ இறக்கி எம்6 போல்ட் போடுவதே சரி. இறக்குமுன் கிரீஸ் தடவுங்கள். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் வெள்ளைத்தூள் பூத்து, பிறகு கழற்ற வராது. மழை முடிந்ததும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயரம் மாற்றும் துளைகள் குழாயின் இடவலப் பக்கத்தில் இருக்கட்டும். வளைவு முன்பின்னாக வருவதால் முன், பின் பக்கங்களில் துளையிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

அடிக்கு லாரி டயர் தேய்பகுதியில் வெட்டிய 10 மிமீ வட்டம் நன்றாக உழைக்கிறது. ஆனால் ரப்பர் தேயத்தேய அதை அடித்தட்டோடு பிணைக்கும் ரிவெட் தலை வெளியே வந்து சிமெண்ட் தரையில் வழுக்கும். 3 மிமீ மிஞ்சும்போதே மாற்றுவது நல்லது. பள்ளங்களில் செம்மண் அடைத்தால் பிடிப்பு போய்விடும், வாசலிலேயே கழுவ வேண்டும். ஈரமான குளியலறைக்கு இது ஆகாது. அங்கே பழைய மென்ரப்பர் கட்டைதான்.

எடை ஒரு குறை. இந்த அடி மட்டும் சுமார் 300 கிராம்; அது நுனியில் இருப்பதால் கை சீக்கிரம் ஓய்கிறது. தோள் பலமில்லாத வயதானவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

புது அடியால் கூடிய உயரத்தை மேற்பகுதியில் அதே அளவு குறைக்க மறக்காதீர்கள். கக்கத்துக்கும் கட்டைக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில், முழங்கை 20–30 பாகை மடங்கி இருக்க வேண்டும். எடை கக்கத்தில் இறங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம். விரல் மரத்தால் அன்றே உயரத்தைச் சரிபார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.