சுவருக்கு எந்தக் கல்? செங்கல், சாம்பல் கல், கான்கிரீட் கல், ஏ.ஏ.சி. ஓர் அலசல்

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் சிமென்ட்டையும் கம்பியையும் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். சுவருக்கு என்ன கல் என்பதை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுவிடுவார்கள். ஆனால் பின்னாளில் சுவரில் ஏறும் ஓதம், பூச்சில் ஓடும் விரிசல், உப்புப் பூப்பது, வெயில் நாளின் வெக்கை என எல்லாவற்றிலும் அந்தக் கல்லுக்குப் பங்கு உண்டு.

எந்தக் கல் நல்லது என்று கேட்பதற்கு முன், சுவருக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். தூண் இல்லாமல் சுவரே மேல்தளத்தைச் சுமக்கும் வீடா, தூணும் பீமும் சுமக்க, சுவர் வெறும் அடைப்பாக நிற்கும் வீடா? சுமக்கிற சுவர் என்றால், நன்றாக வெந்த செங்கல்லோ திடமான கான்கிரீட் கல்லோதான் என் தேர்வு. ஏ.ஏ.சி. என்னும், உள்ளே காற்றறைகள் நிறைந்த எடை குறைந்த கல்லின் தாங்குதிறன் பெரும்பாலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 5 நியூட்டன்தான். பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் சிறிய வீட்டுக்கு அதையும் சுமக்கும் சுவராக வைக்கலாம். கணக்கில்லாமல் வைக்கக் கூடாது.

செங்கல்லின் பலம் அதன் நீண்ட அனுபவம். எந்தக் கொத்தனாருக்கும் கை பழகிய பொருள், ஆணி அடித்தால் பிடிக்கும், நெருப்புக்கு அஞ்சாது. பலவீனம், கல்லுக்குக் கல் மாறும் தரம். சூளையின் நடுவில் இருந்த கல்லும் ஓரத்தில் இருந்த கல்லும் ஒன்றுபோல வேகாது. அதனால் லோடு இறங்கும்போதே பாருங்கள். இரண்டு கல்லை எடுத்துத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி இருக்கக் கூடாது. இருந்தால் ஈரம் பட்டதும் ஊதி, பூச்சைப் பெயர்த்துவிடும். 3 கிலோ உள்ள காய்ந்த கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து நிறுங்கள். 3.6 கிலோவைத் தாண்டினால் அந்த லோடை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல் சூளைக்கே போவதில்லை. அச்சில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்துவதால் அளவு பிசகாது, பூச்சும் மெல்லியதாகப் போதும். பதமாகும் முன்பே விற்றுவிட்ட கல் மட்டும் ஓரம் ஓரமாக உதிரும்.

கான்கிரீட் கல் உறுதியானது. வெயிலை உள்ளே கடத்துவதிலும் கெட்டிக்காரன். தவிர, அது காயும்போது சுருங்கும். நன்றாகப் பதப்படுத்தி, பிறகு சில வாரம் உலரவிட்ட கல்லாக இல்லையென்றால் அந்தச் சுருக்கமெல்லாம் சுவரில் விரிசலாக வரும்.

ஏ.ஏ.சி.யைப் பற்றித்தான் புகழ்ச்சியும் பயமும் அதிகம். சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் அல்லது மணல் சேர்ந்த குழம்பில் சிறிதளவு அலுமினியத் தூள் போடுவார்கள். அதில் ஹைட்ரஜன் வாயு கிளம்பி, இட்லி மாவுபோலக் கலவை உப்பும். அதை வெட்டி, உயர் அழுத்த நீராவியில் வேக வைத்தால் கல். ஸ்வீடனில் 1920களில் உருவான முறை இது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 600 கிலோதான். செங்கல் அதைப்போல மூன்று மடங்கு வரும். எடை குறைவதால் தூணுக்கும் அடித்தளத்துக்கும் பாரம் குறைகிறது, நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மீது வரும் விசையும் குறைகிறது. உள்ளே காற்றறைகள் இருப்பதால் வெப்பமும் மெல்லத்தான் கடக்கும். ஆனால் சாதாரண ஆணி நிற்காது. கனமான அலமாரி, வாட்டர் ஹீட்டர் மாட்ட, திருகைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் அதற்கான பிளக் வேண்டும்.

ஏ.ஏ.சி. வீடுகளில் விரிசல் என்ற புகாரில் பாதிக்கு மேல் கட்டும் முறையில் வருவது என்பது என் கருத்து. செங்கல்லைக் குமிழி அடங்கும்வரை ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதே பழக்கத்தில் ஏ.ஏ.சி. கல்லையோ கான்கிரீட் கல்லையோ ஊறவைத்தால், பிறகு காயும்போது சுருங்கி வெடிக்கும். மேற்பரப்பை லேசாக நனைத்தால் போதும். ஏ.ஏ.சி.க்கு 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் பிரத்யேகப் பசைக் கலவை வேண்டும். தூணும் கல்லும் சேரும் இடத்தில் இருபுறமும் பரவும்படி வலை வைத்துப் பூச வேண்டும். இதைச் செய்து பழகிய ஆள் கிடைக்கவில்லையா, செங்கல்லுக்கோ சாம்பல் கல்லுக்கோ போய்விடுங்கள்.

தூண் வைத்த வீட்டுக்கு, கை பழகிய ஆள் கிடைத்தால் ஏ.ஏ.சி.யையே நான் சொல்வேன். தரைக்குக் கீழே மட்டும் வேண்டாம். மண்ணோடு ஒட்டி எப்போதும் ஈரத்தில் இருக்கிற இடத்துக்குத் திடமான கான்கிரீட் கல்லோ நன்றாக வெந்த செங்கல்லோதான் சரி. அதன் மேல் ஈரத்தடுப்புப் பட்டையும் போட வேண்டும். அப்புறம், மீந்த கல் இருக்கிறதே என்று ஒரே சுவரில் இரண்டு வகையைக் கலக்க விடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கி, சேரும் இடத்தில் கோடு விழும். வகையை மாற்றுவதென்றால் பீம் மட்டத்தில் மாற்றச் சொல்லுங்கள்.