பழைய சவரத் தீட்டுக்கல்லை மட்டமாக்க எது ஏற்றது: வைரத்தகடா, கார்போரண்டம் தூளா, வாட்டர் பேப்பரா?

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லின்மேல் படிந்திருக்கும். தீட்டும் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. கத்தியின் அமைப்பே தீர்மானிக்கிறது. ஆகவே கல் மட்டமாக இல்லாவிட்டால், எவ்வளவு தேர்ந்த கையாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. கத்தியின் வாய் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் நீளமிருக்கும். பழைய சவரக் கற்களில் பல நான்கைந்து சென்டிமீட்டர் அகலமே கொண்டவை. அகலவாக்கில் நடுப்பகுதி குழிந்துபோன கல்லில் கத்தியை வைத்தால், வாய் கல்லின் இரு ஓரங்களை மட்டுமே தொடுகிறது. அங்கே அழுத்தம் குவிந்து எஃகு வேண்டாத இடத்தில் தேய்கிறது. நடுவில் மயிரிழை அளவு மேடான கல் இவ்வளவு தீங்கு செய்வதில்லை. கத்தியைக் குறுக்காக இழுத்தபடியே தள்ளும்போது வாயின் ஒவ்வொரு பகுதியும் அந்த மேட்டைத் தொட்டுக் கடந்துவிடும். குழியை நீக்குவதே தலையாய வேலை என்பதையும், குறையற்ற மட்டம் எல்லாக் கல்லுக்கும் கட்டாயமில்லை என்பதையும் மனத்தில் கொண்டுதான் மூன்று முறைகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முறைகளை எடைபோடுவதற்கு முன் கற்களைப் பிரித்தறிய வேண்டும். பழைய சவரக் கற்கள் என்று கைமாறுபவற்றுள் மூன்று வகைகள் முக்கியமானவை. முதலாவது, பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் ஊரைச் சுற்றி வெட்டியெடுக்கப்படும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல். இதில் எஃகை அறுப்பவை மென்மையான பாறைக்குள் நெருக்கமாகப் பதிந்துள்ள நுண்ணிய கார்னெட் மணிகள். மஞ்சள் பாறை மெல்லிய படிவுகளாகவே கிடைப்பதால், அதை நீலப் பலகைக்கல்லின்மேல் ஒட்டி விற்பது நெடுநாள் வழக்கம்; சில கற்களில் இரண்டு பாறைகளும் இயற்கையாகவே இணைந்திருக்கும். இரண்டாவது, ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியைச் சேர்ந்த நுண்மையான பலகைக்கல். சோன்னபெர்க் நகரின் எஷர் நிறுவனம் காகிதச் சீட்டு ஒட்டி விற்ற கற்களே இவற்றுள் புகழ்பெற்றவை. மூன்றாவது, அமெரிக்காவின் வாஷிட்டா மலைத்தொடரில் கிடைக்கும் ஆர்கன்சா கல். இது நோவாக்குலைட் என்ற பாறை. ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. வைரத்தை 10 எனக் கொள்ளும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 7. முதல் இரண்டும் நீரோடு பழகுபவை, மூன்றாவது பெரும்பாலும் எண்ணெயோடு பழகுவது. ஆர்கன்சா கல்லுக்கு ஏற்ற முறையைக் கோட்டிக்யூலுக்கும், கோட்டிக்யூலுக்கு ஏற்றதை ஆர்கன்சாவுக்கும் மாற்றிக் கையாள்வதால்தான் பல நல்ல கற்கள் பாழாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

எந்த முறையைத் தேர்ந்தாலும் முதலில் அழுக்கை நீக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெயும் எஃகுத் துகளும் கல்லின் முகத்தில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். மயிரிழை விரிசல்களை அந்தப் படலம் மறைத்துவிடும். ஆர்கன்சா கல்லை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். ஒட்டுக் கோட்டிக்யூலை எதிலும் ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் போதும். எந்தக் கல்லையும் கொதிக்க வைக்கக் கூடாது, ஏனெனில் பசை விடும், உள்விரிசல்கள் விரியும். எஷர் கல்லில் காகிதச் சீட்டு எஞ்சியிருந்தால் அந்தப் பக்கத்தில் நீர் படாமல் வேலை செய்ய வேண்டும். அந்தச் சீட்டு வெறும் அலங்காரமன்று; கல்லின் பிறப்புக்கு எஞ்சியிருக்கும் சான்று அது ஒன்றுதான்.

இனி முறைகள். வைரத்தகடு என்பது எஃகுத் தகட்டின்மேல் நிக்கலால் வைரத் துகள்களைப் பிடிப்பித்தது. எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்; 325 எண் கொண்ட தகட்டில் துகளின் அளவு ஏறத்தாழ 45 மைக்ரான். கோட்டிக்யூலுக்கும் துரிங்கியக் கல்லுக்கும் இதைவிட வசதியான கருவி இல்லை. நீரைத் தெளித்து, தகட்டைக் கல்லின்மேல் மெல்லத் தேய்த்தால், மென்பாறை பால்போல் கரைந்து வரும். உதிரித் தூள் எதுவும் இல்லாததால் கல்லுக்குள் அந்நியத் துகள் புகும் அச்சமும் குறைவு. புதுத் தகட்டில் மட்டும் சரியாகப் பிடிக்காத சில வைரங்கள் உதிரும் என்பதால், அதை முதலில் வேறொரு மலிவான கல்லில் ஓட்டிப் பழக்கிவிடுவது நல்லது. ஆர்கன்சா கல்லுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. வைரம் அதை அறுக்கும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அவ்வளவு கடினமான, அவ்வளவு அகலமான பரப்பில் அழுத்தித் தேய்க்கும்போது வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கல் தளர்ந்துவிடும். விலை உயர்ந்த தகடு தன் கூர்மையை இழக்க, கல்லின் குழி பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கார்போரண்டம் என்னும் சிலிக்கான் கார்பைடு, அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891-இல் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள். மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 9-க்கும் சற்று மேல். இதன் தூளைத் தடித்த கண்ணாடிப் பலகையில் தூவி, நீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்ப்பதே ஆர்கன்சா கல்லுக்கு நான் முழுமனத்தோடு பரிந்துரைக்கும் முறை. வைரத்தகட்டில் துகள் நிலையாக நின்று கீறுகிறது. இங்கே துகள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே உருண்டு உருண்டு கல்லைக் கொத்துகிறது. மழுங்கிய துகள் உடைந்து புது முனை கொள்கிறது. அதுவும் தேய்ந்தால் இன்னொரு சிட்டிகை தூவினால் போதும். தொலைநோக்கிக் கண்ணாடி தேய்ப்போர் கையாளுவதும் இதே தூள்தான். 80 எண் தூளில் தொடங்கிக் குழி முழுதும் மறையும் வரை அதிலேயே நிற்க வேண்டும். பொறுமையிழந்து சீக்கிரம் நுண்தூளுக்குப் போவதுதான் வேலையை நீட்டிக்கிறது. பிறகு 120, 220, 400 எனப் படிப்படியாக ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் இடையில் கல்லையும் கண்ணாடியையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். தப்பிய ஒரு பெரிய துகள் அடுத்த படியின் உழைப்பைக் கீறிவிடும்.

இந்த முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. கண்ணாடி கல்லைவிட மென்மையானது. ஆகவே அதுவும் தேய்ந்து நடுவில் பள்ளமாகும், அந்தப் பள்ளத்தின் வடிவைக் கல் மேடாக வாங்கிக்கொள்ளும். பலகையின் முழுப் பரப்பையும் பயன்படுத்துவதும், கல்லை அடிக்கடி முனை மாற்றிப் பிடிப்பதும், எஃகு அளவுகோலை மூலைக்கு மூலை வைத்து ஒளிக்கு எதிரே பார்ப்பதும் இதற்கு மாற்று. இரண்டாம் குறை இன்னும் பெரியது. கோட்டிக்யூல், துரிங்கியக் கல் போன்ற மென்கற்களில் இந்தத் தூள் பதிந்துகொள்ளக் கூடும். பல வாரங்கள் கழித்து அதில் ஒரு மணி வெளிப்பட்டாலும், முகத்தில் ஓட வேண்டிய வாய் அன்றே பல்லாகிவிடும். எத்தனை முறை கழுவினாலும் இந்த ஐயம் முழுதாகத் தீராது. தூளால் வேலை விரைவாக முடியும் என்பதற்காக ஓர் எஷர் கல்லை இந்த ஆபத்துக்கு உட்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

வாட்டர் பேப்பர் முறை மூன்றிலும் செலவு குறைந்தது. கறுப்பு நிறத் தாளை நனைத்துக் கண்ணாடியிலோ மெருகேற்றிய கிரானைட் பலகையிலோ ஒட்டித் தேய்க்க வேண்டும். தாளின் துகளும் பெரும்பாலும் கார்போரண்டமே. ஆனால் பிசினில் பிடிபட்டிருப்பதால் எளிதில் உதிராது. மென்கற்களில் வைரத்தகட்டுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. அழுத்தினால் தாள் முன்விளிம்பில் சற்று எழும்பிக் கல்லின் முனைகளை மழுக்கும் என்பதால், கை எடையே போதும். ஆர்கன்சா கல்லில் ஒரு தாள் சில நிமிடங்களிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். குழி நீக்க இது உதவாது, கடைசி மெருகுக்கு மட்டும் உதவும்.

சிமெண்டுத் தரையில் மணல் போட்டுத் தேய்க்கும் பழைய வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணலும் குவார்ட்ஸ், ஆர்கன்சா கல்லும் குவார்ட்ஸ். சமமான இரண்டில் ஒன்று மற்றொன்றை எளிதில் வெல்லாது. மென்கல்லிலோ மணல் ஆழமான கீறல்களை விட்டுவிடும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்ப்பதும் நம்பத்தக்கதன்று: ஒன்று குழிந்து, மற்றொன்று அதற்கேற்ப மேடாகி, இரண்டும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே மட்டமிழந்து நிற்கும். மூன்று பரப்புகளை மாற்றி மாற்றி இணைத்தால்தான் உண்மையான மட்டம் கிடைக்கும் என்பதை 1840-இலேயே ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வர்த் விளக்கியிருக்கிறார்.

மட்டமான பின் முகத்தின் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். கோட்டிக்யூலில் 400 அல்லது 600 எண் வரை சென்றால் போதும். மீதியை, முகத்தில் தேய்த்துக் குழம்பெழுப்பும் சிறு உரசுகல்லும் பயன்பாடுமே செய்துவிடும். ஆர்கன்சா கல்லின் நடத்தையை முடிவு செய்வது அதன் முகம்தான், ஏனெனில் அது தன் மேற்பரப்பை எளிதில் புதுப்பித்துக்கொள்வதில்லை. விட்ட கீறல் அப்படியே நிற்கும். 600-க்கு மேல் ஏறி, பிறகு அகலமான உளியொன்றை எண்ணெயிட்டு நெடுநேரம் அதில் ஓட்டி வழவழப்பாக்கினால்தான் அது சவரத்துக்குரிய கல்லாகும். எல்லாக் கற்களிலும் ஓரங்களைச் சிறிது சரித்துவிட வேண்டும். கூர்மையான ஓரம் உடைந்து தெறிக்கும், கத்தியின் வாயையும் கெடுக்கும்.

எவ்வளவு தேய்ப்பது என்பதைப் பென்சில் கோடுகளே காட்டிவிடும். முகமெங்கும் கட்டம் போட்டுத் தேய்த்தால், கோடு எஞ்சும் இடம் பள்ளம். ஆனால் எல்லாக் கோடும் அழியும் வரை தேய்க்க வேண்டுமென்ற விதி இல்லை. ஒட்டுக் கோட்டிக்யூலில் மஞ்சள் படிவு இரண்டு மூன்று மில்லிமீட்டரே எஞ்சியிருந்தால், ஒரு மூலையிலுள்ள பள்ளத்துக்காக அதில் பாதியைக் கரைத்துவிடுவது வீண் அழிவு. கத்தி ஓடும் நடுப்பகுதி மட்டமானதும் நிறுத்திவிட்டு, மூலையைப் பள்ளமாகவே விட்டுவிடலாம். துரிங்கியக் கல்லின் முகம் மிக ஆழமாகக் குழிந்திருந்து மறுமுகத்தில் சீட்டோ விரிசலோ இல்லையென்றால், மறுமுகத்தை மட்டமாக்குவது பாதிக் கல்லைக் காப்பாற்றும்.

இந்த வேலை முழுவதையும் ஈரத்திலேயே செய்ய வேண்டும். ஆர்கன்சா கல்லின் தூசி ஏறத்தாழ முழுச் சிலிக்கா. உலர்ந்து பறந்து மூச்சில் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும். சிந்திய குழம்பைக் காயவிட்டுப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அது அடியில் இறுகி அடைத்துக்கொள்ளும்.