மஞ்சள் தலை ஜாஃபிஷ் என்று சொல்லி 18,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் உஷார்

கை நடுங்க எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீனுக்கு 18,500 ரூபாய் கொடுத்தேன். ஒன்று செத்து வந்தது. உயிரோடு வந்தது நான் கேட்ட மீனே இல்லை. பணம் வாங்கியவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

பெயரைப் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார், போடவில்லை. கடை என்றுகூடச் சொல்ல முடியாது. மீன் வளர்ப்பவர்கள் குழுவில் கடல் மீன் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் விலை பேசி, ஆம்னி பஸ் பார்சலில் அனுப்பும் ரகம். நன்னீர் மீன் என்றால் சென்னை கொளத்தூருக்குப் போய்க் கண்ணால் பார்த்து வாங்கிவிடலாம். இறக்குமதி செய்த கடல் மீன் வேண்டுமென்றால், மதுரையில் இருக்கும் எனக்கு இந்த மாதிரி ஆட்களை விட்டால் வழி குறைவு. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்த மீனுக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள். யெல்லோ ஹெட் ஜாஃபிஷ் கரீபியன் கடல், ஃப்ளோரிடா பக்கத்து மீன். நான்கு அங்குலம் வளர்ந்தால் அதிகம். தலை மஞ்சள், உடம்பு வெளிர் நீலம். மணலில் தானே குழி தோண்டி, சின்னச் சின்னக் கல்லையும் சிப்பியையும் வாயால் தூக்கி வந்து, உறைகிணறு இறக்குவது போலச் சுவர் கட்டிக்கொள்ளும். குழிக்கு மேலே வால் கீழாக, நெட்டுக்குத்தலாக மிதந்தபடி இரை பிடிக்கும். ஏதாவது அசைந்தால் வால் முதலில் உள்ளே போய்விடும். பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் மொத்தத்தையும் வாயில் வாங்கிக்கொண்டு, பொரிகிற வரை வைத்திருக்கும். அந்தக் காட்சியை என் தொட்டியில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஜோடியாகக் கேட்டேன்.

நான் எங்கே நம்பினேன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதே பேச்சுதான் வரும். விலை சொல்வதற்கு முன்னாலேயே அவன் கேட்ட கேள்வி: "அண்ணே, மணல் எத்தனை இஞ்ச் போட்டிருக்கீங்க?" இரண்டு அங்குலம் என்றேன். "அப்போ மீன் தர மாட்டேன்ணே. குழி நிக்காது, மீன் பயந்து எகிறிக் குதிச்சுச் செத்துரும். ஆறு ஏழு இஞ்ச் ஆக்குங்க, நைஸ் மணலோட கரடுமுரடா எதாவது கலங்க, மேல வலை போட்டு மூடுங்க. அப்புறம் பேசலாம்." சொன்னது அத்தனையும் சரி. மீனை விற்க வந்தவன் விற்க மாட்டேன் என்கிறானே, இவன் மீனை நேசிக்கிறவன் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்விதான் தூண்டில்.

தொட்டியின் ஒரு மூலையில் 7 அங்குலத்துக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் பவளத் துண்டு கலக்கச் சொல்வார்கள். நம் ஊரில் பவளத்தில் கை வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். அதனால் கிளிஞ்சல் வாங்கி, கழுவிக் காயவைத்து, உடைத்துக் கலந்தேன். அது தனிச் செலவு, இந்த 18,500 ரூபாயில் சேராது. அப்புறம் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அச்சு அசல் மஞ்சள் தலை, குழிக்கு மேலே மிதந்தபடி மைசிஸ் என்கிற பொடி இறாலைக் கொத்தித் தின்றது. "நம்ம தொட்டிதாண்ணே, ஒரு மாசமா நல்லா சாப்பிடுது. செத்து வந்தா வேற மீன், இல்லைன்னா முழுப் பணம்." முழுத் தொகையையும் யுபிஐயில் அனுப்பினேன்.

விடிகாலை மாட்டுத்தாவணியில் போய்ப் பெட்டியை எடுத்தேன். தெர்மாகோல் பெட்டியின் ஒரு பக்கம் தொட்டால் சுட்டது, பஸ்ஸில் இன்ஜின் ஓரமாக வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன் அடித்துக் கட்டிய பை விறைப்பாக இருக்கும். இந்தப் பைகள் தொளதொளவென்று கிடந்தன, உள்ளே கையளவு தண்ணீர். ஒன்றில் தண்ணீர் பழுப்பாகி, மீன் வாயைப் பிளந்தபடி விறைத்துக் கிடந்தது. அவிழ்த்ததும் வந்த நாற்றம் இப்போதும் சட்டையில் இருப்பது மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் உயிர் இருந்தது. ஆனால் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு, முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்புள்ளி. செத்ததும் அதே ரகம்தான். ஜாஃபிஷ்தான், இல்லை என்று சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடல் பக்கத்து வேறு வகை. விவரம் தெரிந்த நண்பரிடம் படம் காட்டினேன், சில நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே ஃபோன் செய்தேன். அதுவரை "அண்ணே", அன்றைக்கு "சார்" ஆகிவிட்டேன். "பயத்துல கலர் இறங்கியிருக்கு சார், ரெண்டு வாரத்துல மஞ்சள் ஏறிரும்." பயந்தால் நிறம் மங்கும், ஒப்புக்கொள்கிறேன். கரும்புள்ளி எப்படி முளைக்கும் என்று கேட்டேன், லைன் கட். சாயங்காலம் வேறு கதை: நான் அனுப்பிய பெட்டி பிரிக்கும் வீடியோ நடுவில் நின்றிருக்கிறதாம், அதனால் செத்த மீனுக்குப் பணம் கிடையாதாம். மறுநாள் என் தண்ணீர்தான் கோளாறு என்றான். மீன் பையிலேயே செத்திருக்கிறது தம்பி, என் தண்ணீரை அது பார்க்கவே இல்லையே என்றேன். அதற்கு, "நான் வெறும் ஏஜென்ட் சார், இறக்குமதி பண்றவர் ஊர்ல இல்ல." அதற்கப்புறம் ஒரு பெண்குரல், யார் நீங்கள், எந்த ஆர்டர் என்று முதலிலிருந்து கேட்டது. அப்புறம் பிளாக். 18,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

விற்கும் முன் அவன் அனுப்பிய மீன் வீடியோவைத் தம்பி மகன் பெரிதாக்கிப் பார்த்தான். தொட்டிக்குப் பின்னால் சுவரில் மின்சாரப் பிளக் தெரிகிறது. நம் ஊர் வட்டத் துளை இல்லை, அமெரிக்காவில் இருக்கும் தட்டைக் கீறல். எவரோ வெளிநாட்டில் எடுத்ததை எடுத்துப் போட்டு "நம்ம தொட்டிதாண்ணே" என்றிருக்கிறான்.

பழுப்பு மீன் இப்போது என் கிளிஞ்சல் மூலையில் குழி தோண்டி ஜம்மென்று இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் வைத்திருந்த கிளீனர் இறாலை (மீன் மேலுள்ள ஒட்டுண்ணியைத் தின்னும் இறால்) காணோம், இந்த மீனுக்கு வாய் பெரிது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வீடியோ கேட்டால், உங்கள் பெயரை எழுதிய காகிதத்தைத் தொட்டியில் ஒட்டி அன்றே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பில் தராதவனிடம் வாங்காதீர்கள். பெட்டியை வாங்குவதிலிருந்து பை அவிழ்ப்பது வரை வீடியோவை நிறுத்தாதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன், 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை.

குழுவில் அட்மினிடம் சொன்னேன், என் பதிவைத்தான் தூக்கினார். அவன் போட்ட விளம்பரம் அதே வீடியோவோடு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. விலை மட்டும் 17,000 ஆகியிருக்கிறது, கீழே ஒருவர் "பணம் அனுப்பிட்டேன் ப்ரோ" என்று போட்டிருக்கிறார். அது நீங்கள் என்றால் இப்போதே வங்கிக்கு ஃபோன் போடுங்கள்.