டர்பன் வெயிலுக்கு இந்த ஏல் பெட்டி தாங்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கக் கிடைக்கும், வீட்டிலேயே 20 லிட்டர் அம்பர் ஏல் (ஒரு வகை பீர்) காய்ச்சுவதற்கான பெட்டி ஒன்றைப் பற்றியது இது. உள்ளே 2.5 கிலோ வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எக்ஸ்ட்ராக்ட் தூள், நொறுக்கிய கிரிஸ்டல் மால்ட் 400 கிராம், ஓட்ஸ் 200 கிராம், சதர்ன் ப்ராமிஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 20 கிராம், சதர்ன் பேஷன் 30 கிராம், 11.5 கிராம் அமெரிக்க ஏல் ஈஸ்ட், ஒரு துணிப்பை, ஒரு பக்கச் செய்முறைத் தாள். சரக்கு நல்ல சரக்கு. தாள்தான் குளிர் ஊருக்கு எழுதியது. ஜனவரி மாதக் கோடையில் டர்பனில் அதை வரிக்கு வரி பின்பற்றினால் பீர் கெடும்.

முதலில் தானியம். நொய்யரிசிப் பதத்தில் உடைத்திருக்கிறார்கள். உமி முழுசாக நிற்கிறது, மாவு குறைவு. அதுதான் வேண்டியது. ஆனால் தாள், பையை 10 லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வரும்போது எடுக்கச் சொல்கிறது. இது தவறு. தண்ணீர் அளவுக்கு மீறி, சூடும் 77 டிகிரியைத் தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். நேரம் கடந்து ஊறிய தேயிலை மாதிரி நாக்கைப் பிடிக்கும். 2 லிட்டர் தண்ணீர், 67 டிகிரி, 30 நிமிடம் போதும். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, அந்தச் சாற்றைப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள்.

ஓட்ஸை ஏன் வைத்தார்கள் என்று புரியவில்லை. கிரிஸ்டல் மால்ட்டின் மாவுச்சத்து ஆலையிலேயே சர்க்கரையாகிவிட்டது, ஊறவைத்தால் கரைந்து வரும். ஓட்ஸ் அப்படியல்ல. அதன் மாவுச்சத்தை உடைக்க என்சைம் வேண்டும். ஓட்ஸிலும் இல்லை, கிரிஸ்டலிலும் இல்லை. வெறும் கஞ்சித்தண்ணி இறங்கி பீர் கலங்கும். ஓட்ஸை எடுத்து வைத்துவிடுங்கள். சேர்த்தே ஆகவேண்டுமென்றால் நொறுக்கிய பேல் (வெளிர்) மால்ட் 300 கிராம் தனியாக வாங்கி, எல்லாத் தானியத்தையும் ஒன்றாக 3.5 லிட்டர் தண்ணீரில் 67 டிகிரியில் 45 நிமிடம் வையுங்கள். பேல் மால்ட்டின் என்சைம் ஓட்ஸுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

எக்ஸ்ட்ராக்ட் தூள் ஈரக்காற்று பட்டாலே இறுகும். பையைப் பிரித்த அன்றே முழுவதையும் பயன்படுத்த வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கொட்டினால் ஆவியில் கட்டி தட்டும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். அணைக்காவிட்டால் அடியில் படிந்து கருகும், பொங்கி அடுப்பிலும் வழியும். பாத்திரத்தில் மொத்தம் 11.5 லிட்டர் இருக்கட்டும். தொடக்கத்தில் 1 கிலோ மட்டும் போட்டு 60 நிமிடம் கொதிக்கவிடுங்கள், மீதி 1.5 கிலோ கடைசி 10 நிமிடத்தில். மொத்தத்தையும் முதலிலேயே போட்டால் நிறம் கறுத்து, ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. சதர்ன் ப்ராமிஸ் கொதி வந்ததும், சதர்ன் பேஷன் அடுப்பை அணைத்ததும். இரண்டும் நம் நாட்டு ரகம், ஹாப்ஸ் தோட்டங்கள் ஜார்ஜ் பக்கம் இருக்கின்றன. பேஷனின் கொய்யா மணம் இந்தப் பெட்டியின் சிறப்பு, அதைக் கொதிக்கவிட்டு வீணாக்காதீர்கள்.

இனி வெப்பம். கோடையில் டர்பன் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அதில் பாத்திரத்தை வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. மேலே சேர்க்கும் 10 லிட்டர் தண்ணீரை முந்தின நாளே காய்ச்சி, மூடி, ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு ஆறவிடுங்கள். கொதித்து வற்றி 10 லிட்டராக நிற்கும் வோர்ட்டை (ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) தொட்டித் தண்ணீரில் 35 டிகிரி வரை இறக்கினால் போதும். இரண்டும் கலந்தால் 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ஈஸ்ட் போடும் முன் தொடக்க அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.050 அளவில் இருக்க வேண்டும். அதை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர் 20 டிகிரியில்தான் சரியாகக் காட்டும். 30 டிகிரியில் பார்த்தால் 0.002 முதல் 0.003 வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

நொதிக்கும்போது ஈஸ்ட்டும் சூடு கிளப்பும். அறை 28 டிகிரி என்றால் வாளிக்குள் 32 ஆகலாம். அந்தச் சூட்டில் இந்த ஈஸ்ட் பெயின்ட் கரைப்பான் வாடையும் காரமும் கொண்ட ஆல்கஹாலைத் தரும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. ஈரத்துணி சுற்றும் வழி ஜோகனஸ்பர்க்கின் வறண்ட காற்றில் பலிக்கும். டர்பன் காற்றில் ஈரம் உலராது, அதனால் குளிரவும் குளிராது. பழைய ஃபிரிட்ஜில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி 19 டிகிரியில் வைப்பதே சரி. இடையில் 2 மணி நேரம் லோட்‌ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தாலும், மூடிய ஃபிரிட்ஜுக்குள் 20 லிட்டர் சட்டென்று சூடேறாது. முதல் 3 நாள்தான் முக்கியம்.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பெட்டி ஈஸ்ட்டை விட்டுவிட்டு நார்வே நாட்டுக் க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள். 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குக் குஷி; வோஸ் ரகம் 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்து, லேசான ஆரஞ்சு மணம் தரும். வோர்ட்டை 60 டிகிரியிலேயே குளிர்நீரில் கலந்தால் 32 வரும், ஈஸ்ட்டைப் போட்டுவிடலாம். கடைக்காரர்கள் இதையே பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்.

சுத்தம் பற்றித் தாளில் ஒரே ஒரு வரி: ‘ப்ளீச்சில் கழுவவும்’. மிச்சம் நிற்கும் குளோரின் மால்ட்டோடு சேர்ந்தால் மருந்துப் பிளாஸ்திரி வாடை வரும். கழுவத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமிலக் கிருமிநீக்கி, லிட்டருக்கு 1.5 மில்லி, அதுவே நல்லது.

ஏர்லாக்கில் (வாளி மூடியில் வாயுவை வெளியே மட்டும் விடும் குழாய்) குமிழி நின்றதை நம்பிப் பாட்டிலில் அடைக்கக் கூடாது, மூடி கசிந்தாலும் குமிழி நிற்கும். 1.012 – 1.014க்கு வந்த அடர்த்தி, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் மாறாமல் இருக்க வேண்டும். பாட்டிலில் வாயு ஏறுவதற்காகத் தாள் சொல்லும் 200 கிராம் சர்க்கரை அதிகம். 120 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி 20 லிட்டருக்கும் கலந்தால் போதும். 200 போட்டால் பாட்டில் வெடிக்கலாம். 750 மில்லி குவார்ட் பாட்டில் 26 வேண்டும், திருகுமூடிப் பாட்டில் வேண்டாம், காற்று கசியும். கடைசியாக மிஞ்சுவதைச் சிறிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். விரலால் அமுக்கினால் குழியாத அளவுக்கு அது இறுகியதும், குவார்ட்டுகளையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம். டர்பன் அறைச் சூட்டில் அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும்.