லேகியமா, ரத்தப் பரிசோதனையா?

நரையும் தொப்பையும் எட்டிப்பார்க்கும் வயதில் ஆணுறுப்பின் விறைப்பும் குறைந்தால், நாகர்கோவிலில் பலரும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் சீட்டு எடுக்கக் கூச்சப்பட்டு, விளம்பரம் பார்த்து லேகியம் வாங்குகிறார்கள். அதில் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாவில் வயாகரா மாத்திரையில் உள்ள சில்டெனாஃபில் என்ற மருந்து கலந்திருந்தால், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியக்கூடும்.

மருத்துவமனையில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நரை பெரும்பாலும் பரம்பரை சார்ந்தது; இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டுவதே கவலைக்குரியது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தினுடையவற்றைவிடக் குறுகியவை என்பதால், அடைப்பு முதலில் அங்கே தெரியக்கூடும்; மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே கிடைக்கக்கூடிய இந்த எச்சரிக்கையை லேகியத்தால் மூடிவிடக் கூடாது. சித்த மருத்துவத்தையே நம்புகிறவர்களும் பரிசோதனையை முடித்துக்கொண்டு, பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் செல்லலாம்.